வானத்தைப் பார்த்த காத்தாடி

எங்கள் வீட்டில் ஒரு கனடாக்காரர் இருக்கிறார். பெயர் தெய்வசிகாமணி. என் மாமியார் கிளியம்மாள் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். என் வீட்டுக்காரருக்கு மாமா, அதனால் நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். ஒலக்கூருக்குப் பக்கத்தில் இந்த ஊரிலேயே பிறந்து, இந்த மண்ணிலேயே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி வளர்ந்தவர்தான். வாலிபத்தில் யார் யாரையோ பிடித்துக் கனடாவுக்குப் போனார். அங்கே ஒரு விமான நிலையத்தில், ஓடுபாதையில் கொட்டும் பனியை வழித்துத் தள்ளும் வண்டி ஓட்டினார். அந்த நாட்டுக் குடிமகனாகவும் ஆகிவிட்டார். என் மாமனார் இறந்த வருஷம் காரியத்துக்கு வந்தவர், தங்கச்சி தனியாக வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகவில்லை.

அவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவருடைய பயம். கேஸ் சிலிண்டர் மாற்றும்போது தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் என்னிடம் நீட்டுவார். நாய் குரைத்தால் அவருக்கு வேறு தெரு. கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் பயப்படுவார், தலைக்கு மேலே இருக்கிற எதற்கும் பயப்பட மாட்டார். வீட்டில் நாங்கள் இதைச் சொல்லிச் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

ஆனால் வாட்ஸப் குழுவில் பேச ஆரம்பித்தால் வேறு ஆள். "நம்ம ஊர் வானம்" என்று ஒரு குழு வைத்திருந்தார். அதில் ஊரில் பாதிப் பேர் இருந்தார்கள். காலையில் அரசியல். மத்தியானம் தலைக்கு மேல் போகும் விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்ற விவரம். பொழுது சாய்ந்தால் நட்சத்திரம். ஞாயிற்றுக்கிழமை சரித்திரம். என் வீட்டுக்காரர் அருளின் பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு மேல்சித்தாமூர் சமண மடத்துக்குப் போவார், செஞ்சிக்குப் போவார், உளுந்தூர்பேட்டையில் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை கிடக்கிறதே, அங்கேயும் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவார். எல்லாம் குரல் செய்தியாகக் குழுவுக்கு வரும். நான் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். பாதி புரியாது, ஆனால் நிறுத்தவும் மனசு வராது.

இந்தியாவும் கனடாவும் முறைத்துக்கொண்ட சமயத்தில் அவர் பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நான் ரெண்டு வீட்லயும் சாப்டவன்பா. ரெண்டு வீடும் சண்ட போட்டுக்கினா நான் எந்த வாசல்ல போய் நிக்கிறது?" குழுவில் சிரிப்புப் பொம்மையாக வந்து குவிந்தது. அவர் அதைச் சிரிக்கச் சொல்லவில்லை. அவர் இங்கே இருப்பது ஓசிஐ கார்டு என்ற ஒரு அட்டையின் தயவில். இந்தியாவில் பிறந்து வேறு நாட்டுக் குடிமகன் ஆனவர்களுக்குக் கொடுப்பது. கொடுத்த அரசாங்கமே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கிக்கொண்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அந்த அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்துத்தான் தூங்குவார்.

மாலையில் எங்கள் மாடியில் கூட்டம் சேரும். மாமா டெலஸ்கோப்பை வைத்து, பச்சை லேசர் விளக்கால் நட்சத்திரத்தைக் காட்டுவார். பேனா அளவு விளக்கு. அழுத்தினால் வானம் வரைக்கும் ஒரு பச்சைக் கம்பி நீளும். ஆனால் ஒவ்வொரு தடவையும் அழுத்துவதற்கு முன்னால் போனை எடுத்து, பக்கத்தில் எந்த விமானமும் இல்லை என்று பார்த்துக்கொள்வார். பச்சைமுத்து அண்ணன் கேலி செய்வார். பக்கத்து நிலத்துக்காரர், எதையும் சத்தமாகத்தான் பேசுவார்.

"இன்னா சார், இந்தாண்ட டார்ச் அடிச்சா அந்தாண்ட பிளேன் வுழுந்துடுமா?"

"சிரிக்காத பச்சைமுத்து. அங்க ஒரு தடவ எவனோ தரையிலருந்து லேசர் அடிச்சிட்டான். பைலட்டு எப்படியோ எறக்கிட்டாரு. நான் வண்டிய ஓரங்கட்டிக்கினு நிக்கிறேன். படிக்கட்டுல கைப்பிடிய தடவித் தடவி எறங்குறாரு. கண்ணு தெரியல. சின்ன வயசு பையன்பா."



மாசி மாதம், மல்லாட்டை காய் பிடித்து முற்றுகிற சமயம், காட்டுப்பன்றி இறங்கியது. ஏரிக்கரைப் புதரிலிருந்து இருட்டியதும் வரும். ஒரு பொழுதில் ஒரு பாத்தியைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டினோம். பட்டாசு வெடித்தோம். பன்றிகள் எங்களைவிடச் சீக்கிரம் பழகிக்கொண்டன. அத்தை காலையில் கடித்துத் துப்பிய செடிகளை மடியில் அள்ளிக்கொண்டு வந்து வாசலில் கொட்டிவிட்டு, எதுவும் பேசாமல் குளிக்கப் போவார். அதைப் பார்ப்பது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டம்.

ஒரு நாள் மாடியில் மாமா விளக்கை அணைக்கும்போது கை தவறி ஒளி புதர்ப் பக்கம் போனது. புதருக்குள் ஒரே அமளி. பன்றிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. அத்தை அங்கேயே கையை நீட்டினார்.

"அண்ணே, அத இப்டி குடு."

மாமா கொடுத்தார். கீழே மட்டும்தான் அடிக்க வேண்டும், செடி உயரத்துக்கு மேல் போகவே கூடாது என்று பத்துத் தடவை சொன்னார். அத்தை தலையை ஆட்டினார். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், பம்புசெட் கொட்டகை மேல் பழைய டேபிள் ஃபேன், அத்தை பேச்சில் காத்தாடி, உட்கார்ந்திருந்தது. இறக்கை இல்லை. அதன் தலையில் லேசர் விளக்கை சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி, பட்டனை ரப்பர் பேண்டால் அழுத்தி வைத்திருந்தார். ஃபேன் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தலையைத் திருப்பத் திருப்ப, பச்சைக் கோடு நிலம் முழுவதையும் பெருக்கியது. எங்கள் பக்கம் பன்றிக்கு இப்படிச் சுழல்கிற விளக்கு வைப்பது புதிதில்லை, லேசர்தான் புதிது. மாமாவுக்கே பெருமையாகப் போய்விட்டது. சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒளி வரப்பைத் தாண்டவில்லை என்று உறுதி செய்துகொண்டார். "என் தங்கச்சி இன்ஜினியர்" என்று குழுவில் போட்டார். பச்சைமுத்து அண்ணன் திண்டிவனம் போய் அதே மாதிரி விளக்கு ஒன்று வாங்கி வந்து, பன்றி ஓடுவதை வீடியோ எடுத்துப் போட்டார். அவர் கையில் வைத்து அடிப்பார், ஃபேன் எல்லாம் கிடையாது.

ஒரு வாரம் பன்றி வரவில்லை. அத்தை சிரித்துப் பேசினார்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன், கூடத்தில் டிவி ஓடியது. வடக்கிலிருந்து புதுச்சேரிக்கு இறங்க வந்த சின்ன விமானத்தில் முந்தின நாள் மாலை பச்சை ஒளி அடித்திருக்கிறது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. திண்டிவனம், ஒலக்கூர் பக்கம் போலீஸ் விசாரிக்கிறது. அவ்வளவுதான் சொன்னார்கள். பைலட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மாமா எழுந்து செருப்புக்கூடப் போடாமல் நிலத்துக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். பம்புசெட் கொட்டகை மேல் ஃபேன் இருந்தது. அதன் கழுத்து பின்னால் சாய்ந்து, முகம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கழுத்து திருகாணி தேய்ந்த ஃபேன் அது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த காலத்திலும் அப்படித்தான், திடீரென்று சாய்ந்து கூரைக்குக் காற்று வீசும். நாங்கள் எழுந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுப்போம். அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. நிலத்துக்குக் கொண்டுபோகும்போது யாருக்கும் நினைவு வரவில்லை. பன்றியும் வராததால் அத்தை இரண்டு நாளாகத் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கு நிலத்தில் இருந்ததால் மாடியில் கூட்டமும் சேரவில்லை.

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சங்கவி, நம்மளதுதாம்மா" என்றார். நான் ஏறி விளக்கை அவிழ்த்தேன்.

"அத்தகிட்ட சொல்லாத. அது தாங்காது."

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குள் பயம் வந்து குடியேறியது. வாசலில் பைக் நின்றால் மாமா பாத்ரூமுக்குள் போய்விடுவார். அவருடைய சாமான்களை எல்லாம் நான் ஒரு போலீஸ்காரர் கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். மாடியில் விமானத்தின் சிக்னல் பிடிக்கிற ஆன்டெனா. தூரத்தைக் கிட்டத்தில் காட்டுகிற டெலஸ்கோப். கனடா பாஸ்போர்ட். போனில் போர்க்கால ஓடுபாதை போட்டோ. இரண்டு நாட்டுச் சண்டையைப் பற்றி ஊருக்கே பேசிய பேச்சு. நேற்று வரை பைத்தியக்கார ஆசையாக இருந்ததெல்லாம் ஒரே நாளில் குற்றப் பட்டியலாகத் தெரிந்தது. அவர் ஆன்டெனாவைப் பிடுங்கி வைக்கோல்போருக்குள் சொருகினார். போட்டோக்களை அழித்தார். குழுவில் பேசுவதை நிறுத்தினார்.

அதுதான் தப்பாகப் போனது. தினமும் மூன்று வேளை பேசியவர் பேசவில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? உடம்பு சரியில்லையா என்று ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் லேசர் பேச்சைத்தான் எடுத்தார்கள். மாமாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினார், பிறகு அடுக்கியதை எல்லாம் எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டார். "நானே போயிட்டா கார்டுக்கு ஆபத்தில்ல, எப்ப வேணா வரலாம். அவங்களா அனுப்பினா முடிஞ்சிதும்மா. கிளி செத்தா மூஞ்சி பாக்கக்கூட வுட மாட்டாங்க." அத்தையை அவர் கிளி என்றுதான் கூப்பிடுவார்.

மூன்றாம் நாள் ஏட்டு பூமாலை வந்தார். அவரும் குழுவில் இருப்பவர். இந்தத் தடவை மாமா பாத்ரூமுக்குள் போவதற்கு முன்னால் ஏட்டு அவரைப் பார்த்துவிட்டார்.

"சார், நல்லாக்கீறீங்களா? உங்ககிட்ட ஒரு ஹெல்ப்புக்குதான் வந்தேன். அந்த லேசர் கேசுல பச்சைமுத்துவ ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்குது. அவன்தான் வீடியோ போட்டிருந்தானே. கையில புடிச்சி பன்னிக்குதான் அடிச்சேன், மேல அடிக்கவேயில்லன்னு அழுவுறான். அவன் நெலத்துலருந்து அடிச்சா பிளேனுக்குப் போவுமா போவாதான்னு எஸ்.ஐ. மேடத்துக்கு யாராச்சும் சொல்லணும். பிளேன் விஷயம் தெரிஞ்சவரு நம்ம ஊர்ல நீங்கதான."

நான் முந்திக்கொண்டு, மாமாவுக்குக் காய்ச்சல், கொஞ்ச நேரம் கழித்து வருவார் என்று சொல்லி ஏட்டை அனுப்பினேன்.

கதவைச் சாத்தியதும் சொன்னேன். "மாமா, வாயத் தொறக்காதீங்க. பச்சைமுத்து அண்ணன் அடிக்கல, அதனால அவர வுட்டுடுவாங்க. நீங்க சொன்னா உங்கள வுட மாட்டாங்க."

"அவன வுடலன்னா?"

நான் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன்.

"அவன் பெஞ்சில உக்காந்துக்கினு அழுவுறானாம்மா," என்றார். பச்சைமுத்து அண்ணன் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மாமா தலையணை உறைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தார், பாஸ்போர்ட்டை எடுத்தார், லேசர் விளக்கை ஒரு துண்டில் சுற்றினார். சட்டைப் பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான்தான் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன். உள்ளே அத்தை கேட்டுக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது.

அருள் வேலைக்குப் போயிருந்ததால் நான்தான் வண்டியில் அழைத்துப் போனேன். வழி முழுவதும் அவர் என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. ஸ்டேஷனில் பச்சைமுத்து அண்ணன் பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். எஸ்.ஐ. கவிதா மேடம் என்னைவிடச் சின்னவராக இருப்பார். மாமா துண்டை மேசைமேல் வைத்து அவிழ்த்தார்.

"மேடம், மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்த பைலட்டுக்கு கண்ணு எப்படி இருக்குது?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அட்டையைப் பற்றித்தான் மாமாவுக்குப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நாளாக அவர் சாப்பிடாதது வேறு ஒன்றுக்காகவும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கண்ணு கூசியிருக்குது, அவ்வளவுதான். டாக்டர் பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லையாம். நீங்க யாரு?"

மாமா சொன்னார். விளக்கு தன்னுடையது, பன்றிக்கு வைத்தது, ஃபேன் சாய்ந்துவிட்டது, பச்சைமுத்துவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தெளிவாக இருந்தது. பிறகு பாஸ்போர்ட்டை வைத்தார். மேடம் அட்டையைப் பார்த்தார், ஏட்டைப் பார்த்தார்.

"ஃபேன் தானா சாஞ்சிச்சின்றீங்க. நீங்களே மேல திருப்பி வெச்சிருக்கலாமில்ல?"

அந்த நேரத்தில்தான் வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. அத்தை இறங்கினார். இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோல் அந்த ஃபேனைத் தூக்கிக்கொண்டு நேரே உள்ளே வந்தார்.

"நான்தாம்மா கட்டனது. எங்கண்ணன் கீழதான் அடிக்கணும்னு சொல்லிச்சி. ரெண்டு நாளா நான்தான் பாக்காம வுட்டுட்டேன். புடிக்கிறதுன்னா என்னப் புடி."

"அதுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். வெளக்கு என்னுது."

"நீ சும்மா இரு அண்ணே."

சொல்லிக்கொண்டே ஃபேனை மேசைமேல், எல்லோரையும் பார்க்கிறமாதிரி நிமிர்த்தி வைத்தார். அது ஒரு நொடி நின்றது. பிறகு யாரும் தொடாமலேயே அதன் கழுத்து மெல்ல மெல்லச் சாய்ந்து, போலீஸ் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தது. மேடம் நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் சாய்ந்தது. ஏட்டு பூமாலை சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார்.

பச்சைமுத்து அண்ணனை உடனே அனுப்பிவிட்டார்கள். எங்களை அனுப்பப் பொழுது சாய்ந்துவிட்டது. ஃபேனையும் விளக்கையும் எடுத்துக்கொண்டார்கள். மேடம் நல்ல மாதிரிதான் பேசினார்.

"வேணும்னு செய்யலன்னு எழுதுறேன். ஆனா வெளிநாட்டு பாஸ்போர்ட், மேல அனுப்பித்தான் ஆவணும். அவங்க கார்டு விஷயமா இன்னா முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. மெட்ராசுக்கு விசாரணைக்குக் கூப்புடுவாங்க. அதுவரைக்கும் ஊர வுட்டு எங்கயும் போவக் கூடாது."

"நான் போறதா இல்ல மேடம்," என்றார் மாமா.

கூப்பிட்டுவிட்டார்கள். நாளைக் காலை பஸ்ஸில் அவரும் அருளும் போகிறார்கள். இன்று மத்தியானம் அவர் குழுவில் பேசினார், அந்தச் செய்திக்குப் பிறகு முதல் தடவையாக. அரசியல் இல்லை, விமானம் இல்லை. "எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு மெட்ராசுக்குப் போறேன். திரும்பி இங்க இருக்க வுடுவாங்களான்னு தெரியல. எனக்கு ரொம்ப பயமா இருக்குது. அவ்வளவுதான்." யாரும் சிரிப்புப் பொம்மை போடவில்லை. யாரும் எதுவுமே போடவில்லை. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்ததும் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வழக்கமாக வருகிறவர்கள்தான், ஆனால் இன்று இன்னும் அதிகம். பச்சைமுத்து அண்ணன் முன்னால் வந்தார். கையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டி, நீளமான மூங்கில்.

"சார், வெளக்கு இல்லன்னா இன்னா. இத்த வெச்சி காட்டுங்க. திருவாதிரை எதுன்னு அன்னிக்கே கேட்டேன், நீங்க சொல்லல."

அத்தை போய் மாமாவின் கையைப் பிடித்து எழுப்பி மாடிக்குக் கூட்டி வந்தார். தலைக்கு மேலே வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குக் கொஞ்சம் வடக்கே சிவப்பாக ஒன்று. மாமா தொரட்டியைத் தூக்கினார். கை நடுங்கியதில் மூங்கில் முனை ஒரு நட்சத்திரத்தில் நிற்காமல் அங்குமிங்கும் அலைந்தது. பச்சைமுத்து அண்ணன் கிட்டே வந்து தொரட்டியின் அடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முனை நின்றது. "அதுதான்பா திருவாதிரை," என்றார் மாமா.

அப்போது வடக்கே ஒரு சின்ன வெளிச்சம் கண்சிமிட்டிக்கொண்டே வந்தது. புதுச்சேரி விமானம். மாமா பதறிப்போய், "எறக்கு எறக்கு" என்று தொரட்டியைக் கீழே இறக்கினார். அத்தை படிக்கட்டு விளக்கை அணைத்தார். ஆளாளுக்குக் கையில் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்கள். மூங்கில் கழியால் விமானத்துக்கு என்ன ஆகிவிடும் என்று யாரும் கேட்கவில்லை. அது தாண்டிப் போகிறவரைக்கும் எல்லோரும் அவர்கூட இருட்டில் நின்றோம்.